மாடிச் சாவி

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



நம் செயலாளர் போன் செய்து, "சார், ஏதாவது உபயோகமா பேசுங்க. ஆனா பார்முலா மட்டும் வேண்டாம்" என்றார். பார்முலாவெல்லாம் எனக்கே மறந்து ரொம்ப நாளாகிறது என்பது அவருக்குத் தெரியாது. பென்ஷன் வாங்க ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரே ஒரு வேலைதான். வீடு வாங்கப் போகிறவர்கள் கூப்பிட்டால் போய்ப் பார்ப்பேன்; பார்த்ததை உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுப்பேன். அதைப் பற்றியே சொல்கிறேன். இங்கே உள்ள மாணவர்களில் பாதிப்பேர் இன்னும் பத்து வருஷத்தில் வீடு வாங்கப் போகிறவர்கள். தோழர்களில் பாதிப்பேர் பிள்ளைகளுக்காக வீடு தேடிக்கொண்டிருப்பவர்கள்.

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொன்ன காலத்தில் பெரும்பாலும் வீட்டைக் கட்டத்தான் செய்தார்கள். கொத்தனார் யார், மணல் எங்கிருந்து வந்தது, எத்தனை மூட்டை சிமெண்ட் இறங்கியது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். இப்போது நகரத்தில் முக்கால்வாசிப் பேர் கட்டினதை வாங்குகிறோம். புடவை எடுக்கப் போனால் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முந்தானையைத் தடவிப் பார்த்துத்தான் எடுக்கிறோம். வீட்டை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இருபது நிமிஷம் சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்து நல்லா வருதுங்க" என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கும் தோழர்களுக்கு இது புதிதல்ல. அங்கே வீட்டைச் சோதித்துச் சொல்வது தனித் தொழில். 1976லேயே அதற்கு ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். சோதனையில் பெரிய குறை வந்தால் விலகிக்கொள்வேன் என்று வாங்குகிறவர் ஒப்பந்தத்திலேயே நிபந்தனை போடலாம். நம் ஊரில் வக்கீல் இருக்கிறார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறார். பாங்கியிலிருந்து வேல்யூவர் வருகிறார். அவர் பாங்கிக்காக வருகிறார். கொடுக்கிற கடனுக்கு ஈடு இருக்கிறதா என்பதே அவர் கவலை. உங்கள் சமையலறை ஒழுகுமா என்று அவரிடம் யாரும் கேட்பதில்லை. என்னைப் போன்றவனைக் கூப்பிடுவது பெரும்பாலும் அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமெண்ட் போட்டு, வீட்டு அம்மா பூஜை அலமாரிக்கு இடம் பார்த்து முடித்த பிறகுதான். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு என்னிடம் ஒரு கதை இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

இரண்டு படுக்கையறை பிளாட் என்றால் எனக்கு மூன்று மணி நேரம் வேண்டும். வீட்டுக்காரர் பத்தாவது நிமிஷமே காபியோடு வருவார். புரோக்கர் வாசலில் நின்று போன் பேசுவார். என் பையில் ரசமட்டம், தூக்குக்குண்டு, டார்ச், சின்னச் சுத்தியல், டெஸ்டர், டேப், ஒரு கோலிக்குண்டு இருக்கும். கோலிக்குண்டைப் பார்த்துக் குழந்தைகள்தான் முதலில் கிட்டே வருவார்கள். பாத்ரூம் தரையில் அதை உருட்டி விட்டால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடும். ஓட்டைக்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்தால், அந்த வீட்டில் ஆயுசுக்கும் துடைப்பமும் கையுமாகத்தான் நிற்க வேண்டும்.

எல்லோரும் வாசலில் ஆரம்பித்து உள்ளே போவார்கள். நான் மொட்டை மாடியில் ஆரம்பித்துக் கீழே இறங்குவேன். வீட்டுக்கு வரும் சங்கடங்களில் முக்கால்வாசி தண்ணீரால் வருவது; தண்ணீர் மேலிருந்து கீழே வருவது. மாடியில் ஆர்.சி.சி. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது நம் பக்கத்து வழக்கம். நல்ல கொத்தனார் வாட்டம் கொடுத்திருப்பார். மழைத் தண்ணீர் தானாகக் குழாய்க்கு ஓடும். இருபது வருஷத்தில் தட்டோட்டு இடுக்கு விட்டுப்போகும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் வெடிப்பு வரும். அந்த வெடிப்பில் ஒரு அரசங்கன்று இரண்டு இலையோடு நிற்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதன் வேர் எங்கே போயிருக்கிறது என்று கீழ்வீட்டு சீலிங்கைப் பார்த்தால் தெரியும்.

இப்போது அந்தக் கதை. 2011ஆம் வருஷம். நான் அப்போது சர்வீஸில் இருந்தேன். நம் வகுப்புத் தோழன் ஒருவன். பேர் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறான், மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான், திரும்பிப் பார்க்காதீர்கள். சென்னையின் மேற்குப் புறநகரில், கட்டி இருபத்திரண்டு வருஷமான கட்டிடத்தில், மேல்மாடி பிளாட் ஒன்று பேசி முடித்திருந்தான். பி.எஃப். பணம் எடுத்து ஐந்து லட்சம் அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. "மாப்ளே, நீ ஒரு தடவை வந்து பாத்துட்டுச் சொல்லுடா" என்றான். ஏப்ரல் மாசம். வெயில் கொளுத்துகிறது.

போனேன். வீடு நல்ல வெளிச்சம். சமையலறை சீலிங்கில் ஒரு மூலையில் மட்டும், தட்டு அகலத்துக்கு, பெயிண்ட் புதிதாக இருந்தது. மற்ற இடமெல்லாம் பழசு. அதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். "மாடிக்குப் போகலாமா?" என்றேன். மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி அசோசியேஷன் செக்ரட்டரியிடம். அவர் திருப்பதி போயிருக்கிறார், நாளைக்குத்தான் வருவார். தோழனின் மனைவி அதற்குள் சமையலறையில் மிக்ஸி எங்கே, கிரைண்டர் எங்கே என்று என்னிடம் காட்டிக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷம் வாடகை வீட்டில் இருந்தவர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, "சாவி வரட்டும், நாளைக்கு மறுபடி வருகிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நல்லா இருக்கும்மா. சின்னச் சின்ன வேலை இருக்கு, பாத்துக்கலாம்" என்றேன். காபி சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நவம்பர் மழையில் சமையலறை மூலை ஒழுக ஆரம்பித்தது. அதற்கும் அடுத்த வருஷம் ஒரு மத்தியானம், சீலிங்கிலிருந்து முறம் அளவுக்கு ஒரு காங்கிரீட் பத்தை பெயர்ந்து அடுப்பின்மேல் விழுந்தது. தோழனின் மனைவி அப்போது வாசலில் கீரைக்காரியிடம் பேசிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது மேலே கம்பிகள் துருப்பிடித்து, பொருக்குப் பொருக்காக உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த அம்மாள் என்னிடம் கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. "அண்ணா, அன்னிக்கு நீங்க மாடி ஏறலியா?" என்று மட்டும் கேட்டார்.

ரிப்பேருக்கு மூன்றே முக்கால் லட்சம் ஆயிற்று. பெண்ணின் காலேஜுக்கென்று வைத்திருந்த பணம். மாடி எல்லோருக்கும் பொது என்று பத்திரத்தில் இருக்கிறது. ஒழுகும்போது மட்டும் அது மேல்வீட்டுக்காரருடைய மாடி ஆகிவிடுகிறது. கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு ரூபாய் தரவில்லை.

அங்கே நடந்தது என்ன என்று சிவில் மாணவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். காங்கிரீட்டில் உள்ள காரத்தன்மைதான் உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. வருஷம் போகப்போகக் காற்றிலுள்ள கரியமில வாயு உள்ளே ஊறி அந்தக் காரத்தைக் குறைக்கும். கடலோரமானால் உப்பும் சேர்ந்துகொள்ளும். அதோடு மேலேயிருந்து தண்ணீரும் வந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு, தின்ற இரும்பைப்போல் சில மடங்கு இடத்தை அடைக்கும். அந்த உப்பலில் கீழே இருக்கும் காங்கிரீட் பிளந்து விழும். அதனால்தான் கம்பிக்கு வெளியே இவ்வளவு கனம் காங்கிரீட் இருக்க வேண்டும் என்று நம் ஐ.எஸ். 456 விதி சொல்கிறது. வெயில் மழை படாத உள்தளத்துக்குக் குறைந்தது 20 மில்லிமீட்டர். கடற்காற்று நேராக அடிக்கும் இடமானால் 45. சைட்டில் அதற்கு 'கவர் பிளாக்' என்று ஒரு சின்னக் கட்டை வைக்க வேண்டும். அதை வைக்காமல் ஒரு ஜல்லியை முட்டுக்கொடுத்துப் போய்விடுவதை நீங்களும் நானும் பார்த்திருக்கிறோம்.

அதனால் புதுப் பெயிண்டைக் கண்டால் சந்தேகப்படுங்கள். வீடு முழுக்கப் புதுப் பெயிண்ட் என்றால் விற்பதற்காக அடித்திருக்கிறார்கள், சரி, நியாயம். ஒரு மூலையில் மட்டும் புதிது என்றால் அங்கே ஒரு சங்கதி இருக்கிறது. சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். கெட்டியான இடம் கணீரென்று கேட்கும். உள்ளே விட்டுப்போன இடம் வெறும் பானையைத் தட்டின மாதிரி கேட்கும். பழைய வீடு பார்க்க ஐப்பசி, கார்த்திகைதான் நல்ல மாதம். சித்திரையில் எல்லா வீடும் யோக்கியமாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இது பலருக்குத் தோன்றுவதில்லை. நீங்கள் வாங்கப்போகிற வீட்டின் பாத்ரூம் ஒழுகுகிறதா என்று அந்த வீட்டுக்குள் நின்று பார்த்தால் தெரியாது. கீழ்வீட்டுக் கதவைத் தட்டி, "நாங்கள் மேலே வாங்கலாம் என்று இருக்கிறோம், உங்கள் பாத்ரூம் சீலிங்கைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நான் கேட்ட வரையில் யாரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. ஒழுகல் இருந்தால் உட்கார வைத்து ஒரு மணி நேரம் சொல்வார்கள். வாங்கிய பிறகு அந்தச் சண்டை உங்களுக்குத்தானே வரப்போகிறது, முன்னாடியே கேட்டுக்கொள்வது நல்லது.

விரிசலைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பூச்சில் சிலந்திவலை மாதிரி ஓடுகிற மயிரிழை வெடிப்பைக் காட்டிப் பயந்துபோவார்கள். அது பூச்சு காய்ந்ததில் வந்தது, பட்டி பார்த்தால் போய்விடும். தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்கோடாக வருவதும் சாதாரணம். ஆனால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக, விசிட்டிங் கார்டு நுழையும் அளவுக்கு, படிக்கட்டு மாதிரி செங்கல் இடுக்கோடு இறங்குகிற விரிசலைக் கண்டால் நான் உட்கார்ந்துவிடுவேன். அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம். சென்னையில் பல பகுதிகளில் அடியில் களிமண். மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த விரிசல் நின்றுபோனதா, இன்னும் ஓடுகிறதா என்பதுதான் கேள்வி. நம் பேராசிரியர்கள் சொல்லிக்கொடுத்த பழைய வழிதான்: விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைப் பதித்துத் தேதி எழுதிவிட வேண்டும். கண்ணாடி உடைந்தால் விரிசலுக்கு உயிர் இருக்கிறது. ஆனால் அதற்குச் சில மாதமாவது பொறுக்க வேண்டும். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் அந்தப் பொறுமை கிடையாது.

கரண்ட் விஷயத்தில் சுருக்கமாக ஒன்று. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்று ஒன்று இருக்க வேண்டும். மனுஷன் உடம்பு வழியாக மின்சாரம் கசிந்தால் 30 மில்லி ஆம்பியரிலேயே விழுந்துவிடும்படி வைப்பது. அதில் 'டெஸ்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால் டக்கென்று விழவேண்டும். நான் அமுக்கும்போது, "சார், அதை நாங்க தொட்டதே இல்லை" என்பார்கள். சில இடத்தில் விழாது. சில இடத்தில் அந்தச் சாதனமே இருக்காது. ரிப்போர்ட்டில் நான் முதலில் எழுதுவது இதைத்தான். சமையலறை டைல்ஸ் பிறகு.

தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபுக்குக் கொடுங்கள். டி.டி.எஸ். 500க்குள் இருப்பது நல்லது. வேறு வழி இல்லாவிட்டால் 2000 வரை என்பது விதி. வெள்ளம் வருமா என்பதை மட்டும் வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், "இங்க தண்ணியே வராது சார்" என்பார். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரரிடம் கேளுங்கள். 2015 டிசம்பரில் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் எதுவரை வந்தது என்று தன் வண்டிச் சக்கரத்தில் கை வைத்துக் காட்டுவார். அந்த உயரத்தை நான் அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிவிடுவேன்.

புது பிளாட் வாங்குகிறவர்கள், "எல்லாம் புதுசுதானே சார், என்ன பார்க்கிறது?" என்பார்கள். புதுசில்தான் பார்க்க வேண்டும், கேட்க ஆள் இருக்கிறார். 2016ஆம் வருஷத்து ரெரா சட்டத்தின்படி, கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை இருந்து, வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் தெரிவித்தால், கட்டியவர் 30 நாளுக்குள் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். வாயால் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூமில் ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி வைத்துக் கீழே கசிகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். டேப் எடுத்துக் கார்ப்பெட் ஏரியாவை அளந்து பாருங்கள். உள்சுவர் அதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. அளக்கும்போது சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

இத்தனை பார்த்தும் எங்களுக்குத் தெரியாதது நிறைய. பூமிக்குள் இருக்கும் அஸ்திவாரம் தெரியாது. சுவருக்குள் ஓடும் குழாய் தெரியாது. காங்கிரீட்டின் மேல் வைத்து அடித்துப் பார்க்கிற ரீபவுண்ட் ஹாமர் இருக்கிறது. அது சொல்கிற பலமும் 25 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கும். 2014 ஜூன் 28ஆம் தேதி மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டிடம் மழையில் இடிந்து 61 பேர் இறந்தார்களே, அந்த மாதிரிக் குறையைக் கோலிக்குண்டும் சுத்தியலும் கொண்டுபோய்க் கண்டுபிடிக்க முடியாது. அங்கே மண் பரிசோதனை ரிப்போர்ட்டும் ஸ்ட்ரக்சுரல் வரைபடமும் வேண்டும். அவற்றைக் கேட்டு வாங்குங்கள். கொடுக்க மறுத்தால், அதையும் நான் எழுதிவிடுவேன்.

ரிப்போர்ட் கையில் வாங்கியதும், "சார், பாஸா பெயிலா?" என்று கேட்பார்கள். என்னிடம் அப்படி ஒரு மார்க் கிடையாது. குறை இல்லாத வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. என் வீட்டு மாடிப்படியில் ஒரு படி மற்றதைவிட முக்கால் அங்குலம் உயரம், வருகிறவரெல்லாம் அங்கே தடுக்குகிறார்கள். உடனே செய்ய வேண்டியது என்ன, ஒரு வருஷத்துக்குள் என்ன, அதற்கு உத்தேசமாக எவ்வளவு ஆகும் என்று எழுதுவேன். அந்தத் தொகையை வைத்து விலை பேசுங்கள், அல்லது விட்டுவிடுங்கள். அது உங்கள் இஷ்டம். கடைசிப் பக்கத்தில் 'பார்க்க முடியாதவை' என்று ஒரு தலைப்பு இருக்கும். பூட்டியிருந்த அறை, பீரோ மறைத்த சுவர், பால்ஸ் சீலிங்குக்கு மேலே என்று எல்லாம் அதில் வரும். அந்தப் பக்கத்தை நான் எழுத ஆரம்பித்தது அந்த அடுப்பின்மேல் விழுந்த காங்கிரீட்டைப் பார்த்த பிறகுதான். அது காலியாக இருக்கிற ரிப்போர்ட்டை யார் கொடுத்தாலும் நம்பாதீர்கள், நான் கொடுத்தாலும்.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். ஒரே நிமிஷம்.

போன மாதம் அதே தோழன் போன் செய்தான். அந்தப் பெண், காலேஜ் பணம் போயிற்றே அவள்தான், எப்படியோ கடன் வாங்கிப் படித்து இப்போது வேலையில் இருக்கிறாள். வீடு பார்க்கிறாளாம். "மாப்ளே, அட்வான்ஸ் இன்னும் குடுக்கல. நீ வந்து பாரு" என்றான். அவனும் அவன் மனைவியும் பெண்ணும் மாப்பிள்ளையும் எல்லோருமாகப் போனோம். பத்து வருஷத்துக் கட்டிடம், மேல்மாடி. மாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி வைத்திருக்கிறவர் எங்கேயோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், மத்தியானம் வருவார் என்றார்கள். புரோக்கர், "சார், மாடியில என்ன இருக்கப்போகுது, நீங்க உள்ளே பாருங்க" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. தோழனின் மனைவி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டார். "நாங்க இருக்கோம், அவர் வரட்டும்" என்றார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். பெண் கீழே போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தாள். இரண்டரை மணிக்குச் சாவி வந்தது. கதவைத் திறந்து முதலில் ஏறியது அந்த அம்மாள்தான்.